அசனக் கறிக்கு உப்புப் பார்த்த உபவாசி

ஒருவன் பரிசுத்தமாக வாழ்வது என்று முடிவெடுத்துவிட்டால், பாடுபடுவது அவன் இல்லை. அவனோடு ஒரே வீட்டில் குடியிருப்பவர்கள்தான். எங்கள் வீட்டில் அந்தப் பாடு தொண்ணூறுகளின் நடுவில் ஒரு குளிர்காலத்தில் ஆரம்பித்தது. அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. பூனாவில் கோர்படி ரயில்வே காலனியில் குடியிருந்தோம். முதல் வேலையாக டிவியைப் போர்வை போட்டு மூடினேன். (கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா போர்வையை உருவி என்னை மூடப் பார்த்தார்.) வடாபாவ் தின்பது மாம்ச இச்சை என்று நிறுத்தினேன். கேம்ப் கடைத்தெருப் பக்கம் போனால் பெண்பிள்ளைகளைப் பார்க்கக் கூடாதென்று தரையைப் பார்த்தே நடந்து, ஒரு சைக்கிள்காரர் மேல் முட்டி, மராத்தியில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இதற்கெல்லாம் காரணம் எங்கள் போதகர் ஐயா. அவர் சனிக்கிழமைதோறும் ஏரவாடாவுக்குப் போவார். கட்டட வேலைக்கும் மூட்டை தூக்கவும் வந்த நம் ஊர் ஜனங்கள் அங்கே நெருக்கியடித்துக் குடியிருந்தார்கள். ஒரு ஞாயிறு ஆராதனை முடிவில் அவர், "ஏரவாடா ஊழியத்துக்கு எனக்குத் துணையா ஒரு வாலிபன் வேணும். ஆயத்தமா இருக்கிறவனாப் பாத்து அசனத்தன்னைக்குச் சொல்லுதேன்" என்றார். ஆயத்தம் என்ற சொல் என் காதில் விழுந்ததும் நான் பெஞ்சிலிருந்து அரையடி மேலே போய்விட்டேன். அன்று முதல் எப்போதும் ஒரே கனவுதான். வெள்ளை ஜிப்பாவில் நான் நிற்கிறேன். ஏரவாடா முழுக்க என் முன்னால் உட்கார்ந்திருக்கிறது. நான் வாயைத் திறக்கிறேன். ஜனங்கள் குலுங்கிக் குலுங்கி அழுகிறார்கள்.

அசனம் என்றால், தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், அறுப்பின் பண்டிகையை ஒட்டிச் சபையே வரிசையாக உட்கார்ந்து சாப்பிடும் ஆட்டுக்கறி விருந்து. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த எங்கள் ஆட்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காமல் ரயிலேற்றிக் கொண்டுவந்துவிட்டார்கள். எங்கள் சபையில் கூடுதலாக ஒரு வழக்கமும் உண்டு. இரண்டு அண்டாவில் கறி வேகும். ஒன்று எங்களுக்கு. மற்றது சாயங்காலம் டெம்போவில் ஏரவாடாவுக்குப் போகும்.

அந்த அசனத்துக்கு என்னை ஆயத்தப்படுத்திக்கொள்ள வெள்ளிக்கிழமையே உபவாசம் தொடங்கினேன். உபவாசம் இருப்பவன் வாட்டமாகத் தெரியக் கூடாது, முகம் கழுவி, தலைக்கு எண்ணெய் வைத்து, மற்றவர்களுக்குத் தெரியாமல் இருக்க வேண்டும் என்பது எங்களுக்குச் சின்ன வயதிலிருந்தே சொல்லப்பட்டது. நான் எதையும் அளவாகச் செய்கிற ஆள் இல்லை. ஞாயிறு காலை அரை பாட்டில் தேங்காயெண்ணெயைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கோயில் வளாகத்துக்குப் போய்ச் சேர்ந்தேன்.

பனி இன்னும் விலகவில்லை. தூங்குமூஞ்சி மரத்தடியில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. யார்டில் எங்கேயோ ஒரு கூட்ஸ் வண்டி நகர மனமில்லாமல் நகர்ந்தது. பட்டையும் கிராம்பும் தேங்காயும் கலந்த ஆவி பனிக்குள் ஏறி, எது பனி எது ஆவி என்று தெரியாமல் மிதந்தது. நானும் ஏறக்குறைய மிதந்துகொண்டுதான் இருந்தேன். கால் தரையில் படுகிற மாதிரியே இல்லை. பசி என்று உங்களுக்குத் தோன்றலாம். நான் அதை அபிஷேகம் என்று நினைத்தேன்.

அசனக் கறிக்கு ராஜா என்றால் அது சாமுவேல் அண்ணாச்சிதான். ஒர்க்ஷாப்பில் ஃபிட்டர், கரண்டியைப் பிடித்தால் அவருக்கு மேலே ஆளில்லை. அன்றைக்குப் பார்த்து அவருக்கு மூக்கு அடைத்துக் கண் சிவந்து பயங்கர ஜலதோஷம்.

"ஏலே, இங்க வா. எனக்கு இன்னைக்கு மூக்கும் இல்ல, நாக்கும் இல்ல. ஒன் நாக்குதாம்லே எனக்கு. உப்புப் பாரு" என்று கரண்டியை நீட்டினார்.

'அண்ணாச்சி, நான் உபவாசம்' என்று மூன்றே மூன்று வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. ஆனால் சொன்னால் ரகசியம் போச்சு, பலனும் போச்சு. கரண்டியை உதடு வரை கொண்டுபோய், திரும்பி நின்று குழம்பைத் துண்டில் கொட்டிவிட்டு உதட்டைத் துடைத்துக்கொண்டேன். கண்ணை மூடினேன். உள்ளே ஒரு மெல்லிய சத்தம், "இன்னும்... இன்னும்..." என்றது. (அது என் வயிறு. ஆனால் அன்றைக்கு நான் இருந்த உயரத்தில் அது வேறு யாரோ பேசுவதாகத்தான் கேட்டது.)

"இன்னும் கொஞ்சம் வேணும் அண்ணாச்சி" என்றேன்.

அவர் ஒரு கை அள்ளிப் போட்டார். "இப்ப?"

ஆவிக்குள் ஏரவாடா தெரிந்தது. ஜிப்பா தெரிந்தது. ஜனங்கள் அழுதார்கள். "இன்னும் கொஞ்சம்."

"நல்லாப் பாத்தியால?"

"நல்லாப் பாத்தேன்."

பக்கத்து அண்டாவுக்கும் இதே கதைதான். நெற்றியிலிருந்து எண்ணெய் வழிந்து கண்ணில் இறங்க, நான் பரவசத்தில் கண்ணீர் விடுவதாக நினைத்து அண்ணாச்சியே உருகிப்போனார்.

மத்தியானம் பந்தி உட்கார்ந்தது. ஜெபம் முடிந்து முதல் கவளம் வாய்க்குள் போனது. அப்புறம் ஒரு அமைதி. அப்படி ஒரு அமைதியை எங்கள் சபை ஜெபவேளையில்கூடக் கண்டதில்லை. வரிசை முழுக்க ஆட்கள் மெல்லுவதை நிறுத்திவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முன்வரிசையில் விருந்தாளியாக வந்திருந்த பக்கத்து வீட்டு சுபேதார்தான் முதலில் வாய் திறந்தார். "அரே பாப் ரே! நமக் கித்னா டாலா, பாயி?" என்று உப்புக் கணக்கைக் கேட்டுவிட்டுத் தண்ணீர் டிரம்மைப் பார்த்து ஓடினார். அவர் பின்னாலேயே பந்தி ஓடியது.

சாமுவேல் அண்ணாச்சி என்னைத் தேடி வந்தார். "உப்புப் பாத்தது நீதானலே? வாய்க்குள்ள நாக்குதான் இருக்கா, இல்ல செருப்பா?"

அந்த நேரம் பார்த்து அம்மா எழுந்தாள். பெண்கள் வரிசையிலிருந்து அவள் போட்ட சத்தம் ஸ்டேஷன் வரைக்கும் கேட்டிருக்கும். "எம்புள்ளைய ஒண்ணும் சொல்லாதீய! வெள்ளிக்கெழமையிலேருந்து பச்சத்தண்ணி பல்லுல படாம உபவாசம் இருக்கான்! தட்டுல வச்ச சோத்த நாய்க்குப் போடுதான், நானும் பாத்தும் பாக்காத மாதிரி இருக்கேன்!"

ஐயோ, அந்தச் சிரிப்பு! கிழவர் முதல் கைக்குழந்தை வரை சபையே சிரித்தது. "உபவாசம் இருக்கவன் அண்டாப் பக்கம் என்னத்துக்குல வந்த?" என்று தலையில் அடித்துக்கொண்டே அண்ணாச்சியும் சிரித்தார். பூமி பிளந்து என்னை விழுங்கிவிடாதா என்று இருந்தது.

போதகர் ஐயா மட்டும் சிரிக்கவில்லை. "ஏரவாடா அண்டாவுக்கும் இவந்தான் உப்புப் பாத்தானா?" என்றார்.

சிரிப்பு அப்படியே அடங்கியது. "நேத்துதான் அங்க போயி, ஞாயித்துக்கெழம சாயங்காலம் ஒருத்தரும் அடுப்பு பத்த வைக்காதீங்க, கறி வரும்னு வீடு வீடாச் சொல்லிட்டு வந்தேன். அந்தப் பிள்ளைகளுக்கு என்னத்தக் கொண்டுபோய்க் குடுக்க?" அப்போதுதான் நான் மேலேயிருந்து கீழே விழுந்தேன். கனவில் அழுத ஜனங்களுக்கு ராத்திரி என்ன சாப்பாடு என்று நான் ஒரு தடவைகூட நினைத்துப் பார்த்திருக்கவில்லை.

அம்மாதான் வழி சொன்னாள். "உருளக்கெழங்கு வாங்குங்க. தண்ணி ஊத்தி, தேங்காப்பாலு விட்டா உப்பு எறங்கும்." கோர்படி மார்க்கெட்டிலிருந்து மூட்டையாக ஆலு வந்து இறங்கியது. மரத்தடியில் உட்கார்ந்து உரித்தேன். கண் இருட்டியது, கிழங்கெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது, இரண்டையும் உரித்தேன். பெண்கள் தேங்காய் துருவிப் பால் பிழிந்தார்கள். கறியைப் பிரித்து ஊற்றப் பக்கத்தில் இன்னொரு அண்டா ஏறியது.

கொதித்ததும் அண்ணாச்சி கரண்டியோடு என் முன்னால் வந்து நின்றார். "இப்ப முழுங்குலே. நான் பாத்துக்கிட்டே நிப்பேன்."

விழுங்கினேன். ஆகா! வெள்ளிக்கிழமையிலிருந்து காய்ந்துகிடந்த வயிற்றுக்குள் அந்தச் சூடான குழம்பு இறங்கியதை இப்போது நினைத்தாலும் கண் சொக்குகிறது. "சரியா இருக்கு அண்ணாச்சி! பிரமாதம்!" என்றேன். அம்மா ஒரு சொட்டு நக்கிப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு கூடை கெழங்கு போடுங்க" என்றாள்.

ஏரவாடா போய்ச் சேரும்போது சாயங்கால வெயில் தகரக் கூரைகளில் படுத்திருந்தது. ஒரு வீட்டிலும் புகை இல்லை. தட்டுகளோடு பிள்ளைகள் காத்திருந்தார்கள். என் கனவில் இருந்த அதே கூட்டம். முகங்களைக்கூட முன்பே பார்த்த மாதிரி இருந்தது. ஆனால் ஒருவரும் அழவில்லை, தட்டைத்தான் நீட்டினார்கள். அந்தக் கனவுக்காக வாரக்கணக்கில் மனப்பாடம் செய்திருந்த பிரசங்கத்தில் ஒரு சொல்கூட என் வாயில் வரவில்லை. அண்டா காலியாகும்வரை, "இன்னும் போடவா? இன்னும் போடவா?" என்று மட்டும்தான் வந்தது. ஒரு சின்னப்பெண் கறியை ஒதுக்கிவிட்டு, "அண்ணா, கெழங்கு இருக்கா?" என்று கேட்டாள். இருந்த கடைசிக் கிழங்கை அவளுக்குப் போட்டேன்.

டெம்போவில் திரும்பும்போது காலி அண்டாவைப் பிடித்துக்கொண்டு நானும் போதகர் ஐயாவும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். துணைக்கு யார் என்று அவர் அன்றைக்கு அறிவிக்கவே இல்லை. கேட்க எனக்கும் முகம் இல்லை. கோர்படி கேட் வந்ததும் இறங்கினார். இரண்டு எட்டு வைத்துவிட்டுத் திரும்பினார்.

"சனிக்கெழம அஞ்சு மணிக்கு வந்துரு" என்றார். "சாப்பிட்டுட்டு வா."

மறு வருஷம் சாமுவேல் அண்ணாச்சி சுத்தமான நெல்லை முறையில் கறி வைத்து அனுப்பினார். "கெழங்கு எங்க?" என்று ஏரவாடாவே கேட்டுவிட்டது. அன்று முதல் அந்த அண்டாவில் ஆலு உண்டு. உரிப்பது நான்தான். என்னிடம் உப்புப் பார்க்கச் சொல்ல மட்டும் இன்றுவரை ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை.

வாகட் பக்கம் குடிமாறி வந்த பிறகும் சனிக்கிழமைகளில் ஏரவாடாவுக்குப் போகிறேன். வேதப்புத்தகத்தை எடுத்துப் பைக்குள் வைக்கிறேன், தலை வாருகிறேன், செருப்பை மாட்டுகிறேன். தமிழை ஹிந்தியில் குழைத்துப் பேசும் என் மகள் அந்த நேரம் கதவுக்குக் குறுக்கே கையை நீட்டி நிற்பாள். "அப்பா, ருக்கோ. ரெடியா? சாப்பிட்டாச்சா?" உள்ளேயிருந்து என் மனைவி, "தட்ட நான் பாத்துட்டேன், காலியாத்தான் இருக்கு" என்பாள். "நாயைக் கேட்டியா?" என்று அம்மா கத்துவாள்.