பங்களா மேட்டுக் கங்கை

கங்கை எங்கே ஓடுகிறது? காசியில் என்பார்கள் படித்தவர்கள். அவர்களுக்கு என்ன தெரியும்? ஜப்பான்காரன் ஆட்சியின் மூன்றாம் வருஷம், மாசி வெயிலில், அவள் மலாயாவின் கெடாவுக்கே குடிவந்துவிட்டாள். சிடாம் கிரி பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில், ஒரு கல்லுக்கடியில் ஜாகை. வெள்ளிக்கிழமை மட்டும் தரிசனம்.

கூட்டமோ கூட்டம்! செர்டாங்கிலிருந்து மாட்டு வண்டியில் வந்தார்கள். அலோர் ஸ்டார் கடைக்காரர்கள் ரயிலேறி வந்தார்கள். தோட்டத்துக் கிணற்றிலோ சேறுதான் மிச்சம்.

கங்கையை வரவழைத்தவர் பெயர் கங்கைச் சித்தர். மரவள்ளிக் கிழங்கைத் தின்று ஊரே எலும்பும் தோலுமாய்க் கிடந்த காலத்தில் அவருக்குத் தொந்தி இருந்தது. அது ஒன்றே பெரிய அற்புதம்தான், ஒப்புக்கொள்கிறேன். வாழைமரம் அச்சடித்த ஜப்பான் நோட்டைக் காணிக்கையாக நீட்டினால் கங்கை முகம் சுளிப்பாள். கோழி, அரிசி, புதுத்துணி என்றால் சிரிப்பாள். சந்தை நிலவரம் தெரிந்த தெய்வம்!

காணிக்கை சேர்ந்ததும் சித்தர் தோட்டத்தில் இருந்த ஒரே தப்பு மேளத்தை எடுத்து அடிப்பார். சற்று நேரத்தில் கல்லுக்கடியிலிருந்து குபுகுபுவென்று தண்ணீர் வரும். சனம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். கொடுத்தவர்களின் குடம் நிறைந்ததும் சங்கை ஊதுவார். தண்ணீர் நின்றுவிடும்.

அவருடைய சீடன் அம்மாசி, மரங்களுக்குப் பின்னால் பங்களா மேட்டில் மௌன விரதம் இருந்தான். அங்கே யாரும் ஏறக்கூடாது, முனி அடிக்கும் என்று சித்தர் சொல்லியிருந்தார். சொல்லியிருக்கவே தேவையில்லை. சண்டைக்குப் பயந்து துரை காரேறி ஓடி இரண்டு வருஷம் ஆகியும், ஆளில்லாத அவன் பங்களாவுக்கு நம் சனம் இன்னும் தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தது.

ரப்பர்ப் பாலெடுக்க மரம் வெட்டும் பாப்பம்மாவின் புருஷனைச் சயாமில் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். சேதியே இல்லை. கைக்குழந்தை நவமணிக்கு வயிற்றுப்போக்கு. வாய் உலர்ந்து, கண் குழிவிழுந்து கிடந்தது. குடத்தோடு வந்தவளைச் சித்தர் மறித்தார்.

"தாலி நிக்குதா போச்சான்னே தெரியாத பொம்பள நீ. நீ நின்னா கங்கை வரமாட்டா. போம்மா!"

"புள்ளைக்கு ஒரு சொம்பு குடுங்க சாமி. சேத்துத் தண்ணியக் குடிச்சுத்தான் இப்படிக் கெடக்குது."

கங்காணி ராமையா குறுக்கே வந்தார். "சாமி சொல்றாருலா, போயிரு பாப்பா. உன்னால எல்லாருக்கும் தண்ணி நின்னுபோச்சுன்னா?"

சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். எல்லாரும் அவளோடு வேலை செய்தவர்கள்தாம். தூ!

புதன்கிழமை பழனியாண்டிக் கிழவர் செத்துப்போனார். சாவுக்குத் தப்படித்தார்கள். சித்தரோ காணிக்கைக் கோழிகளை விற்கச் சுங்கைப் பட்டாணி பாசாருக்குப் போயிருந்தார். ஆனால் கல்லுக்கடியில் தண்ணீர் கொட்டியது! பிணத்தை எடுக்கச் சங்கு ஊதியதும் நின்றது.

"கெழவருக்காக அம்மா அழுதுட்டா!" என்று சனம் உருகியது.

பாப்பம்மா உருகவில்லை. ஓடிப்போய் ஒரு சொம்பு பிடித்துக்கொண்டாள். அதைக் காய்ச்சிப் பிள்ளைக்கு ஊட்டிக்கொண்டே யோசித்தாள். அந்தத் தோட்டத்தில் அது புது வழக்கம்.

வெள்ளிக்கிழமை பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கூட்டத்தின் நடுவில் வந்து நின்றாள்.

"நான் நின்னா கங்கை வரமாட்டாளா, சாமி?"

"வரவே மாட்டா!"

"அப்ப நானே தப்படிக்கிறேன். வரலைன்னா புள்ளையத் தூக்கிக்கிட்டு தோட்டத்த விட்டே போயிடுறேன்."

சித்தர் தப்பின்மேல் பாய்ந்தார். அவர் கையைப் பிடித்து நிறுத்தியவர் யார்? பரம பக்தர் ராமையாவேதான். "அடிக்கட்டும் விடுங்க சாமி. நீங்க சொன்னது பொய்யாவா போயிடும்?"

பாப்பம்மா அடித்தாள். தண்ணீர் வந்தது.

சித்தர் சமாளித்தார். "அது... அம்மா இரக்கப்பட்டு..."

பாப்பம்மா சங்கை ஊதினாள். நின்றது. அடித்தாள். வந்தது. மறுபடி ஊதினாள், மறுபடி அடித்தாள். மேட்டிலிருந்து ஒரு குரல் அலறியது:

"சாமீ! தொறக்கவா, மூடவா? ஒரு முடிவாச் சொல்லுங்கலா! கை நோவுது!"

மௌன விரதம் அத்தோடு முடிந்தது.

அப்போதுதான் சனம் முதன்முறையாக மேடேறியது. அங்கே துரை கட்டிய சிமெண்டுத் தொட்டி. மலை ஊற்று அதில் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. குழாயின் திருகைப் பிடித்தபடி அம்மாசி திருதிருவென்று விழித்தான். பங்களாவுக்குப் போன குழாயைத் திருப்பி, மண்ணுக்குள் புதைத்து, கல்லுக்கடியில் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். அதற்குள் சித்தர் மரவள்ளிக் காட்டுக்குள் புகுந்து ஓடிவிட்டார். தொந்தியோடு அவ்வளவு வேகம் ஓடியது இரண்டாவது அற்புதம்.

இறங்கி வந்த ராமையா நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார், பாப்பம்மாவின் காலில்! "ஆத்தா! ஒன் கை பட்டா கங்கை வருதே!"

"எந்திரிண்ணே, மானத்த வாங்காத! மொதல்ல என் கொடத்த நெரப்பு. அப்புறம் அந்தக் கொழாய நம்ம லயத்து வீடுங்க பக்கம் இழுத்துவிடு."

இழுத்துவிட்டார்கள். நவமணி பிழைத்துக்கொண்டாள். அடுத்த வெள்ளிக்கிழமை பார்த்தால், யாரோ அந்த வறண்ட கல்லுக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்திருக்கிறார்கள்.

அடப் பாவிகளா! தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று மேடேறிப் பார்க்க, இன்னும் எத்தனை பிள்ளைகளின் வாய் உலர வேண்டும் உங்களுக்கு?