நாற்பது சார்ட், ஒரே மலை

"இது யாரோட இதயம்?" என்று டாக்டர் கேட்டதும் எக்ஸ்ரேக்காரர் அவசரமாகக் குறுக்கே வந்து நின்றார். விளக்குப் பெட்டியில் தொங்கியது இதயமே இல்லை. ஒரு சிமெண்ட் கம்பெனிப் பங்கின் மூன்று மாத விலைச் சார்ட்.

"ஒரு... பழைய பேஷண்ட், டாக்டர்."

"தேற மாட்டாரு போலிருக்கே!" டாக்டர் உச்சுக் கொட்டிவிட்டுப் போனார்.

வாசலில் காத்திருந்த பெரியவர், அது தன் படம்தான் என்று முடிவுகட்டி மகனுக்குப் போன் போட்டு அழ ஆரம்பித்துவிட்டார். அவரைச் சமாதானப்படுத்தி முடிப்பதற்குள் சிமெண்ட் இன்னும் சரிந்திருந்தது.

வீட்டில் மனைவி கெடு வைத்திருந்தாள். மூன்று வருடமாக மனசுக்குத் தோன்றியதை வாங்கி, பயம் வந்ததும் விற்று, மனிதர் கண்டதெல்லாம் நஷ்டம்தான்.

"மூணு மாசம். அதுக்குள்ள லாபம் காட்டலேன்னா கணக்கை மூடிடணும். அப்புறம் பங்குன்னு வாயைத் திறக்கக் கூடாது!"

அந்தக் கெடுவும் அவள் தம்பி கெஞ்சி வாங்கித் தந்ததுதான். "மாமாவுக்கு ராசியான கை, அக்கா. சும்மா நச்சரிக்காத!" என்பான். வாங்கினாலும் விற்றாலும் எக்ஸ்ரேக்காரர் முதலில் அவனுக்குத்தான் போன் செய்வார். குடும்பத்தில் ஒருத்தனாவது நம்புகிறானே!

சரி, ஒழுங்காக எழுதிப் பார்ப்போம் என்று நோட்டுப் போட்டார். வாங்கிய விலை, விற்ற விலை, காரணம். பத்து நாள் கழித்துப் புரட்டினால், காரணம் என்ற இடத்தில் பதினோரு தடவை 'தோணிச்சு' என்றிருந்தது.

இனி நல்ல காரணம் இல்லாமல் வாங்குவதில்லை என்று சபதம் போட்டார். பக்கம் பக்கமாகக் காரணம் எழுதி முடிப்பதற்குள் விலை எகிறிவிடும். கைவிட்டுப் போய்விடுமோ என்ற பதற்றத்தில் இரண்டு மடங்காக வாங்குவார். நஷ்டமும் இரண்டு மடங்கானது. கெடுவில் ஒரு மாதம் போயே போய்விட்டது.

கடைசியில் தன் தொழிலையே துணைக்கு அழைத்தார். நஷ்டப்பட்ட நாற்பது பங்கின் சார்ட்டையும் கண்ணாடித் தாளில் அச்சடித்து, வாங்கிய புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று விழும்படி அடுக்கி, விளக்குப் பெட்டியில் மாட்டி ஸ்விட்சைத் தட்டினார்.

நாற்பது கோடும் சேர்ந்து ஒரே மலை. அவர் வாங்கிய இடம் கச்சிதமாக அதன் உச்சி.

"அடப்பாவி!" என்று தன்னையே வைதுகொண்டார். "ஊரே வாங்கி முடிச்சப்புறம் ஓடிப் போய் வாங்கியிருக்கியேடா!"

டாக்டர் எட்டிப் பார்த்தார். "எங்க முறிவு?"

"ஒரே இடத்துல நாற்பது தடவை, டாக்டர்."

"அட கடவுளே! முதல்ல கட்டுப் போடுங்க!"

போட்டார். தாவி ஏறுகிற பங்கைத் தொடுவதில்லை. இறங்கி, நின்று, மறுபடி தலைதூக்கினால்தான் வாங்குவது. கணக்குத் தப்பாகிப் போனால் எந்த விலையில் விற்று வெளியே வருவது என்பதை வாங்கும்போதே எழுதிவிடுவது.

முதல் வாரம் கை அரித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தார். அடுத்த வாரம் வாங்கியது ஏறியது. அதற்கடுத்தது இறங்கியது, எழுதிய விலையில் கமுக்கமாக வெளியே வந்துவிட்டார். பிறகு மூன்று ஏற்றம், ஒரு இறக்கம், மறுபடி இரண்டு ஏற்றம். நோட்டு நாளுக்கு நாள் களை கட்டியது.

கெடு முடிந்த அன்று மனைவி நோட்டை முன்னும் பின்னும் புரட்டினாள். மூன்று மாதத்துக்கும் சேர்த்துக் கூட்டிக் கழித்தாள். லாபம்!

"ஏங்க, நிஜமாவே நீங்க பண்ணினதுதானா இது?" அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. "கணக்கை மூட வேணாம். நடத்துங்க, நடத்துங்க!"

எக்ஸ்ரேக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. உலகத்தையே ஜெயித்த மாதிரி இருந்தது. அந்த நேரம் பார்த்து மச்சான் உள்ளே வந்தான். பத்து நாள் பட்டினி கிடந்த முகம்.

"வா மாப்ள! எல்லாம் நீ குடுத்த தைரியம்தான்!"

"போங்க மாமா! மூணு வருஷமா நீங்க வாங்கினதையெல்லாம் வித்து, வித்ததையெல்லாம் வாங்கித்தான் நான் வீடு கட்டிட்டிருந்தேன். மாடி பாதியில நிக்கிறப்போ இப்படிச் சொல்லாம கொள்ளாம திருந்திட்டீங்களே!"