ஏழாம் நம்பர் மலையில் நான் கண்ட கோட்டை

கையில் நல்ல போனும் மனதில் ஒரு பெண்ணும் இருந்தால் எந்த மடையனும் ஆராய்ச்சியாளன் ஆகிவிடுவான். நான் ஆனேன்.

அப்போது தலவாக்கலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணித ஆசிரியர். அங்கேயே படிப்பித்த சுகந்தியைக் கட்டிக்கொள்ள ஆசை. அவளுக்குச் சம்மதம்தான். அவளுடைய அப்பா முத்தையாதான் இன்னும் வாய் திறக்கவில்லை. தோட்டத்தில் வேலை செய்து ஓய்ந்தவர், அதிகம் பேசமாட்டார். அவர் அசந்துபோகும்படி ஏதாவது செய்தாக வேண்டும் என்று தவித்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் போனில் செய்மதிப் படம் பார்த்தபோது, அவர்கள் குடியிருந்த லயத்துக்கு மேலே, காடு மண்டிப்போன ஏழாம் நம்பர் தேயிலை மலையில் மூன்று நீளப் பள்ளங்கள் தெரிந்தன. மேல் பள்ளம் மட்டும் ஓரிடத்தில் அரைவட்டமாக வளைந்திருந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. அகழி! கொத்தளம்! (நான் ஹட்டன் பஜார் கடைக்காரர் வீட்டுப் பிள்ளை. தேயிலையைப் பொட்டலத்தில்தான் தெரியும்.)

மூன்று ஞாயிற்றுக்கிழமை அளந்தேன். நடக்கும் பாதையைக் கோடாக வரையும் ஒரு செயலி, சரிவைக் காட்டும் இன்னொன்று, ஒரு நூறடி டேப். டேப்பின் மறுமுனையை முத்தையாவே பிடித்தார். அரைவட்டத்துக்கு வந்தால் மட்டும் அவர் முகம் வெளிறும். பிரமிப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

நான்காவது ஞாயிறு பள்ளி அதிபரை அழைத்துப்போனேன். முத்தையாவும் சுகந்தியும் கூட வந்தார்கள். கோடு வரையும் செயலியைச் சட்டைப்பையில் ஓடவிட்டு, மேல் பள்ளத்தின் வளைவு நெடுக அவர்களை நடத்திக் காட்டிவிட்டு, அரைவட்டத்தின் நடுவிலிருந்த டர்பன்டைன் மரத்தைக் கம்பால் தட்டித் தட்டிப் பேசினேன்.

"பாருங்க சேர், எதிரி வந்தா மூணு பக்கமும் தெரியணும்னுதான் இந்த எடத்துல வளைச்சிருக்காங்க!"

முத்தையா தொப்பியைக் கழற்றினார். "மன்னிச்சிருங்க சேர். அத வளைச்சது நாந்தாங்க."

எல்லோரும் திரும்பினோம்.

"இது தண்ணி போற கான் சேர். எனக்கு அப்ப இருவது வயசு. நேராத்தான் வெட்டச் சொன்னாங்க. இந்த மரத்துல குளவி இருந்துச்சு, சுத்தி வெட்டிட்டேன். அந்தத் தப்பப் புடிக்கத்தான் தொரை ஒங்கள அளக்க விட்டுருக்காருன்னு மூணு வாரமா எனக்குத் தூக்கமே இல்லைங்க."

அதிபர் தொண்டையைச் செருமினார்.

"இப்ப குளவி இல்லையே?" என்றேன், பேச்சை மாற்ற.

"இருக்குங்களே. அதான் மரத்தத் தட்டாதீங்கன்னு சொல்ல வந்தேன்."

ரோட்டுக்கு வந்துதான் திரும்பிப் பார்த்தேன். பின்னால் ஒருவருமில்லை. முத்தையா சொன்னபடி மற்றவர்கள் மேலேயே புதருக்கடியில் அசையாமல் குப்புறப் படுத்திருந்தார்கள். அவர்களில் ஒருவருக்கும் கொட்டவில்லை. எனக்கு ஏழு. கட்டிக்கொள்ளப்போகிறவளைக்கூட விட்டுவிட்டு ஓடிவந்தவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? வலியைவிட வெட்கத்தில்தான் அழுதேன்.

ஆஸ்பத்திரிக்கு முத்தையா வந்தார். வீங்கிப்போன என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"குளவின்னா யாருக்குத்தான் பயமில்ல? நானும் பயந்துதானே வளைச்சேன்" என்றார். "நல்லாகி வாங்க சேர், நாள் பாப்போம்."

அன்றைய கலவரத்தில் செயலியை நிறுத்த மறந்திருந்தேன். அது வரைந்திருந்த பாதைப் படத்தைச் சுகந்தி அச்செடுத்து, சட்டம் போட்டு, அப்பா வீட்டுச் சுவரில் மாட்டிவிட்டாள். இன்றும் யார் வந்தாலும், தேத்தண்ணி வருவதற்குள் மாமனார் எழுந்துபோய் விரல் வைத்துக் காட்டுவார்.

"இந்த வளைவு நான் வெட்டுனது. இந்தா, நேரா ரோட்டுக்கு எறங்குது பாருங்க, இது மாப்பிள்ள ஓடுனது."