தைலம் தடவிய கைகளோடு ஒரு நேர்காணல்

எனக்கு உடம்பு முழுக்கக் குளிர் தாங்கும். கை மட்டும் தாங்காது. நெய்வேலிப் பக்கம் என்ன பெரிய குளிர் என்று வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். அவர்கள் மார்கழி மாதம் காலை ஆறரை மணிக்கு, முத்தாண்டிக்குப்பத்திலிருந்து டவுன்ஷிப்புக்கு ஒரு தடவை சைக்கிள் மிதித்துப் பார்க்க வேண்டும். முந்திரித் தோப்புகளிலிருந்து பனி இறங்கி ரோட்டில் நிற்கும். ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் விரல்கள் பத்தும் ஐந்தே நிமிடத்தில் யாருடையவோ போல ஆகிவிடும்.

இருபத்து நான்கு வயதில் அந்த விரல்களை நம்பித்தான் என் பிழைப்பே இருந்தது. டவுன்ஷிப்பில் ஒரு தனியார் பள்ளியில் ஓவிய ஆசிரியர் வேலைக்கு நேர்காணல். காலை எட்டு மணிக்குக் கரும்பலகையில் படம் வரைந்து காட்ட வேண்டும். முந்தின வாரம்தான் வடலூரில் வேறொரு பள்ளிக்கு இதே பனியில் போய், விறைத்த விரல்களால் யானை வரைந்திருந்தேன். மூட்டை நன்றாக இருக்கிறது என்று பாராட்டி அனுப்பிவிட்டார்கள்.

இந்த முறை கையைச் சூடாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று முடிவு செய்தேன். மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டு அண்ணனின் தோல் கையுறையை வாங்கி மாட்டிப் பார்த்தேன். பிரேக் பிடிக்க முடியாமல் நேராக அவர் வீட்டு மாட்டுக் கொட்டகைக்குள் போய் நின்றேன். சாக்ஸை மாட்டினால் கை வழுக்கியது. கடைசியில் கண்ணில் பட்டது, அம்மா மூட்டுவலிக்குத் தடவும் தைலம்.

“கொஞ்சமா தடவு. காந்தல் தாங்க மாட்ட” என்றாள் அம்மா.

எனக்கு எதிலும் கொஞ்சம் என்பது பிடிக்காது. அரை டப்பாவை இரண்டு கைகளிலும் அப்பி, மேலே பிளாஸ்டிக் பை சுற்றி, ரப்பர் பேண்டும் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

முதல் கால் மணி நேரம் சொர்க்கம். விரல்கள் வெயிலில் காயப்போட்ட மாதிரி இருந்தன. எதிரே துண்டைக் காதில் சுற்றிக்கொண்டு நடுங்கி வந்த பால்காரரைப் பார்த்துப் பரிதாபப்பட்டேன். (அறிவில்லாத ஜனங்கள் என்றுகூட நினைத்தேன்.) ஆனால் பனிக்காற்றில் மூக்கு ஒழுகும் என்பதை என் திட்டத்தில் சேர்க்கவில்லை. ஒரு பையைக் கழற்றி மூக்கைத் துடைத்தேன். மூக்கு எரிந்தது. அதனால் கண்ணில் நீர் வந்தது. கண்ணைத் துடைத்தேன்.

அதன் பிறகு ரோடு தெரியவில்லை. ஒரு டீக்கடைக் குழாயில் தைலக் கையாலேயே முகத்தைக் கழுவினேன். தண்ணீர் பட்டதும் இன்னும் காந்தியது. மீதி வழியெல்லாம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, பேருந்து நிறுத்தங்களில் நின்றவர்கள் ஒதுங்கி வழிவிட, கண்ணீர் வடித்தபடியே நடந்தேன்.

நேர்காணல் அறையில் பள்ளியின் தாளாளரும் தலைமை ஆசிரியையும் இருந்தார்கள். நல்ல மனுஷர்கள். சிவந்த கண்ணும் வீங்கிய மூக்குமாக நான் நின்றதைப் பார்த்ததும் சான்றிதழைக்கூடக் கேட்கவில்லை.

“என்னாச்சு தம்பி? வீட்டுல ஏதாவது கெட்டதா?” என்றார் தாளாளர்.

தைலம் சார் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து நெற்றி வியர்வை கண்ணுக்குள் இறங்கியது.

“அப்பா...” என்று முனகினேன். (அம்மா என்று முனகியிருந்தால் அம்மாவுக்கு அந்தக் கதி.)

தலைமை ஆசிரியை மெதுவாகக் கேட்டார்: “எப்போ?”

“இப்பதான் மேடம். வர்ற வழியில.”

எரிச்சல் எப்போது ஆரம்பித்தது என்று கேட்கிறார் என்றே நினைத்தேன். தாளாளர் எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் இறுகப் பற்றிக்கொண்டார். பிறகு அதே கையால் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்த நொடி அவருக்குத் தாரை தாரையாக ஊற்ற ஆரம்பித்தது. கல் போன்ற மனிதர் இப்படி உடைந்ததைப் பார்த்துத் தலைமை ஆசிரியையும் அழுதார்.

நான் பலகையில் மயில் வரைந்தேன். எனக்கும் கண் தெரியவில்லை, அவர்களுக்கும் தெரியவில்லை. சுரங்கத்து மண்வெட்டும் இயந்திரத்தை அச்சு அசலாக வரைந்திருக்கிறேன் என்று தாளாளர் தழுதழுத்தார்.

“காரியமெல்லாம் முடிச்சுட்டு வந்து சேருங்க” என்றார்.

காரியம் என்ற சொல்லில்தான் எனக்கு விஷயம் விளங்கியது. உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். கிடைத்த வேலையை நினைத்து மூடிக்கொண்டேன். அதுதான் நான் செய்த தப்பு.

மூன்றாம் நாள் சாயங்காலம் எங்கள் வீட்டு முன்னால் ஒரு கார் வந்து நின்றது. நான் உள்ளே கதவிடுக்கில் நின்று பார்த்தேன். தாளாளர் பெரிய ரோஜா மாலையோடு இறங்கினார். பின்னால் தலைமை ஆசிரியை. வாசலில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த அப்பா, மாலை யாருக்கு என்று கேட்டார். இந்த வீட்டுப் பெரியவர் தவறிவிட்டாரே, அவருக்குத்தான் என்றார் தாளாளர்.

அப்பா வாளியைக் கீழே வைத்தார். “இந்த வூட்டுல பெரியவன் நாந்தாங்க. இங்கதான நின்னுகினு இருக்கேன்.”

வெளியே வந்து தைல டப்பாவைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். தலைமை ஆசிரியை முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். தாளாளர் மட்டும் சிரிக்கவில்லை. “அப்ப, அன்னைக்கு நான் அழுதது தைலத்தாலயா?” என்றார். பல வருஷம் கழித்துத் தனக்கு அழுகை வந்தது என்று வீட்டில் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறார் பாவம். அவர் முகம் வாடியதைப் பார்க்க, வேலையே வேண்டாம் என்று ஓடிவிடலாம் போல இருந்தது. ஆனால் அவர் அதோடு விட்டுவிட்டார். இனி லீவு வேண்டுமென்றால் காய்ச்சல் என்று எழுது, அப்பாவை இழுக்காதே என்று சொல்லி வேலையை எனக்கே கொடுத்தார்.

அப்பாவோ, தனக்கென்று வாங்கி வந்த மாலை வீணாகக் கூடாது என்று வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, என்னிடமே தன்னைச் செல்போனில் படம் எடுக்கச் சொன்னார். போட்டோ என்றால் அவர் சிரிக்க மாட்டார். அம்மா அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டிவிட்டாள்.

மூன்று வருஷம் கழித்து எனக்குப் பெண் கொடுப்பதாகச் சொன்னவர்கள் வீடு பார்க்க வந்தார்கள். கூடத்துப் படத்தைப் பார்த்து எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். இன்று என் மாமியாராக இருப்பவர், “எவ்ளோ நாளாச்சுங்க?” என்று அம்மாவிடம் துக்கம் விசாரித்தார்.

கொல்லைப்புறத்திலிருந்து கை கழுவிக்கொண்டு உள்ளே வந்த அப்பாதான் பதில் சொன்னார்.

“மூணு வருஷம் ஆச்சுங்க. அதுக்கப்பறம் ஒடம்புக்கு ஒண்ணும் இல்ல, நல்லா இருக்கேன்.”