ராயப்பன் ஆயில் பார்க்கிறார்

தன் காரின் பானெட்டை இனி யாரும், மெக்கானிக் உட்பட யாருமே திறக்கக் கூடாது என்று ராயப்பன் முடிவெடுத்தார். வண்டி இழுக்காமல் போன அன்றைக்கே எடுத்த முடிவு அது. கேட்பவர்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். ஆனால் ராயப்பனுக்குக் காரணம் இருந்தது. அந்தக் காரணம் பேட்டரிக்குப் பக்கத்தில், ஒரு தகர டப்பாவுக்குள் இருந்தது.

மல்லாட்டை உருண்டை. வெல்லப் பாகில் பிடித்த வேர்க்கடலை.

அவருக்குச் சர்க்கரை என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து, அவர் மனைவி அமலா வீட்டில் இனிப்பு என்ற பேச்சையே ஒழித்துவிட்டாள். ராயப்பன் உருண்டைகளை அரிசி டிரம்முக்குள் ஒளித்துப் பார்த்தார். உலைக்கு அரிசி எடுக்கும்போது ஆழாக்கில் ஒன்று வந்தது. மாதா படத்துக்குப் பின்னால் ஒளித்தார். ஜெபமாலை சொல்லும் நேரத்தில் எறும்புகள் வரிசை கட்டி வந்து காட்டிக்கொடுத்தன. கடைசியில்தான், விழுப்புரத்திலேயே அமலாவின் கை போகாத ஒரே இடம் கார் பானெட் என்று கண்டுபிடித்தார். அன்று முதல் தினமும் சாயங்காலம், "ஆயில் பாத்துட்டு வர்றேன்" என்று கிளம்பிவிடுவார். அவ்வளவு அக்கறையாக ஆயில் பார்க்கப்பட்ட கார் அந்தத் தெருவிலேயே கிடையாது.

கார் பழைய டீசல் கார். இடது பக்கக் கதவில் கண்ணாடியை இறக்கும் பொத்தான் செத்துப் பல வருடம் ஆகிறது. "சரி பண்ணுங்களேன், எனக்குக் காத்து வேணாமா?" என்று அமலா கேட்கும்போதெல்லாம், "என் பக்கத்துல அதுக்கும் ஒரு பொத்தான் கீது இல்ல? ஓட்டறவன் கையில இருந்தா போதும்" என்பார்.

அமலா ஒரு நாள் சத்தம் போடாமல் பயிற்சிப் பள்ளிக்குப் போய் லைசென்ஸ் வாங்கி வந்தாள். ராயப்பன் சாவி தரவில்லை. திண்டிவனத்திலிருந்து வந்திருந்த அவள் தம்பி சவுரிராயன் முன்னால் மார்பைத் தட்டிச் சொன்னார்:

"இது என் பேச்சைத்தான் கேக்கும். என்னிக்கு இது என்னை நடுரோட்டுல நிக்க வெக்குதோ, அன்னிக்கு சாவி உங்க அக்கா கையில. போதுமா?"

"போதும் மாமா" என்றான் சவுரிராயன். அமலா லைசென்ஸைப் பத்திரமாகக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். அதுதான் ராயப்பனுக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த மாதமே வண்டி படுத்தது. ரயில்வே மேம்பாலத்தில் ஏறும்போது ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் இழுக்கவில்லை. முன்னாலிருந்து 'உஸ்ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். வெயிட் போடாத குக்கர் மாதிரி. காய்கறித் தள்ளுவண்டிக்காரர் ஒருவர் அவரை முந்திக்கொண்டு போனார். போகும்போது திரும்பிப் பார்த்து வேறு போனார்.

வீட்டுக்கு வந்து ஆயில் பார்த்தார். டப்பாவைத் திறந்தவருக்குத் திக்கென்றது. கோபுரம் மாதிரி அடுக்கி வைத்த உருண்டைகளில் உச்சியைக் காணோம்.

யாரோ பானெட்டைத் திறந்திருக்கிறார்கள். உருண்டையைத் தின்றிருக்கிறார்கள். தின்றவன் சும்மா போகாமல் எதையோ கழற்றியும் விட்டிருக்கிறான்!

முதல் சந்தேகம் பக்கத்து வீட்டுத் தென்னரசு மேல். மகள் காதுகுத்துக்கு அவன் கார் கேட்டு இவர் கொடுக்கவில்லை. மதில் ஓரம் போய் நின்றார்.

"இன்னா தென்னரசு, மல்லாட்டை உருண்டைன்னா உனக்குப் புடிக்குமா?"

"ஏண்ணே, குடுக்கப் போறியா?"

"புடிக்குமா, புடிக்காதா? அத்த மட்டும் சொல்லு."

"பல்லு செட்டு கட்டிக்கினு ஒரு வாரம் ஆவுது. இட்லியவே ஊற வெச்சுத் தின்னுக்கினு கீறேன். வந்துட்டாரு உருண்டையத் தூக்கிக்கினு!"

தென்னரசு விடுதலை. மிச்சம் இருந்தது அமலா.

சந்தேகம் வந்ததும் எல்லாமே சந்தேகமாகத் தெரிந்தது. அவர் காருக்குப் பக்கத்தில் போனாலே அமலா முருங்கைக் கீரை முறத்தோடு வாசலில் வந்து உட்கார்ந்தாள். டப்பாவை எடுத்து வேறு இடத்தில் வைக்கலாம் என்றால் வழியே இல்லை. மெக்கானிக் ஹமீத் ஷெட்டுக்குக் கிளம்பினால், "நானும் வர்றேன், வழியில கோதுமை மாவு அரைக்கணும்" என்று ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

ஹமீத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "பானெட்டைத் திறங்கண்ணே."

"அதெல்லாம் வேணாம் பாய். சத்தத்தை வெச்சே சொல்லு."

"திறக்காம எப்படிண்ணே?"

"காது இருக்குதில்ல?"

"பல் டாக்டர்கிட்ட வந்து வாயைத் திறக்க மாட்டேன்னா அவரு இன்னா பண்ணுவாரு? காத்து எங்கயோ லீக் ஆவுது. உள்ள பாத்தாதான் எங்கன்னு தெரியும்."

"டீசல்ல தண்ணி கலந்திருப்பான். நான் பாத்துக்கறேன்."

ராயப்பன் வண்டியைப் பின்னால் எடுத்தார். அமலா ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உதடு லேசாகத் துடித்த மாதிரி இருந்தது. சிரிப்பா? இல்லை, வெயிலா?

ஞாயிற்றுக்கிழமை வந்தது. திண்டிவனத்தில் சவுரிராயன் கட்டிய புது வீட்டுக்கு மந்திரிப்பு, பாதிரியார் வந்து ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளிக்கும் நாள். போகாமல் இருக்க முடியாது.

"பஸ்ல போயிரலாமா?" என்றார் ராயப்பன்.

"ஏங்க, உங்க பேச்சைக் கேக்குற வண்டியாச்சே?"

ராயப்பன் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். விக்கிரவாண்டி வரைக்கும் வண்டி 'உஸ்ஸ்' என்று பெருமூச்சு விட்டுக்கொண்டே ஊர்ந்தது. கரும்பு டிராக்டர் ஒன்று முந்தியது. டிராக்டர் மேல் உட்கார்ந்திருந்தவர் ஒரு கரும்பை நீட்டி, "வேணுமா?" என்று சைகை செய்தார்.

கூட்டேரிப்பட்டு மேம்பாலத்தில் பாதி ஏறியதும் 'டப்' என்று ஒரு வெடிச் சத்தம். பின்னால் கரும்புகை. வண்டி உருண்டு ஓரமாக நின்றது.

அமலா இடது கையை நீட்டினாள். "சாவி."

"நிக்கல. இளைப்பாறிக்கினு கீது."

"சரி, இளைப்பாறட்டும். நான் பாக்குறேன்."

அவர் தடுப்பதற்குள் அவள் குனிந்து, பானெட் நெம்புகோலைத் தடவாமல் தேடாமல் ஒரே இழுப்பில் இழுத்தாள். இறங்கிப் போய், பானெட்டைத் தூக்கி, கம்பியை அதன் ஓட்டையில் சரியாக மாட்டினாள். பின்னாலேயே இறங்கி ஓடிய ராயப்பன் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது அவள் டப்பாவைப் பார்க்கவே இல்லை. அதற்குப் பக்கத்தில் போகும் தடித்த ரப்பர் குழாயைக் காட்டிக்கொண்டிருந்தாள். அது வாய் பிளந்து கிடந்தது. விளிம்பெல்லாம் எலிப் பல்.

"இன்ஜினுக்குப் போற காத்து இதுல போவுது. மல்லாட்டை வாசனைக்கு வந்த எலி, டப்பா திறக்கலன்னு கோவத்துல இத்தக் கடிச்சிட்டுது. அன்னிக்கு கொஞ்சமா கடிச்சிருந்துது. இன்னிக்கு முழுசாக் கிழிஞ்சிப் போச்சு."

"அன்னிக்கா? என்னிக்கு?"

"நான் உருண்டை எடுக்க வந்த அன்னிக்கு."

ராயப்பன் டப்பாவையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உனக்கு... எப்படித் தெரியும்?"

"ஆயில் பாக்கப் போறவங்க கையைத் தொடச்சிக்கினு வருவாங்க. நீங்க தெனமும் வாயைத் தொடச்சிக்கினு வர்றீங்க."

இன்ஜின் ஆறியதும் அவள் கைப்பையைத் திறந்தாள். உள்ளே சைக்கிள் டியூப் துண்டு, இரண்டு கிளிப், ஒரு ஸ்க்ரூ டிரைவர். குழாயைச் சுற்றி இறுக்கி முடித்தாள்.

"எல்லாம் ரெடியா வெச்சிருந்தியே! தெரிஞ்சிருந்தா வீட்டுலயே சொல்லக் கூடாது?"

"வீட்டுல சொன்னா வண்டி சரியாவும். சாவி வருமா?"

சாவி கை மாறியது. ராயப்பன் வாழ்நாளில் முதல்முறையாகத் தன் காரின் இடது பக்கம் ஏறினார். அமலா பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பினாள், சீட்டை முன்னால் இழுத்தாள், கிளம்பினாள். உஸ்ஸும் இல்லை, புகையும் இல்லை. சற்று நேரத்தில் அந்தக் கரும்பு டிராக்டரை முந்தினார்கள். ராயப்பன் தலையைக் குனிந்துகொண்டார்.

அமலாவுக்கே பாவமாகிவிட்டது போல. பானெட்டை மூடும்போதே எடுத்து வந்திருந்த டப்பாவை அவர் மடியில் வைத்தாள்.

"மூஞ்சிய அப்பிடி வெச்சிக்காதீங்க. நல்ல நாளு. சாப்டுங்க."

"நெசமாவா?"

"நெசமா. ஒண்ணு இல்ல, எல்லாத்தையும் சாப்டுங்க."

ராயப்பனுக்குக் கண் கலங்கியது. சாவி போனால் போகட்டும், பொண்டாட்டி தங்கம்! அவள் மனம் மாறுவதற்குள் ஒரு முழு உருண்டையை வாயில் போட்டு நறுக்கென்று கடித்தார்.

வெந்தயம். வெந்தயத்தோடு பாகற்காய்ப் பொடியும் சேர்த்து, காலையில்தான் பிடித்து டப்பாவில் மாற்றி வைத்திருக்கிறாள்.

துப்பலாம் என்று ஜன்னல் பக்கம் திரும்பினார். கண்ணாடியை இறக்கும் பொத்தான் ஓட்டுகிறவர் கையில் இருந்தது.