எண்ணெய்க்கு நன்னடத்தைச் சான்றிதழ்

மனிதர்களுக்கு ஒழுக்கம் போதித்தவர்கள் உலகில் ஏராளம். எண்ணெய்க்கு ஒழுக்கம் போதித்த பெருமை ஹயேன் மலைச்சரிவிலுள்ள எங்கள் ஆலிவ் கூட்டுறவுச் சங்கத்தை மட்டுமே சேரும்.

சங்கத் தலைவர் தோன் அன்செல்மோவின் சுற்றறிக்கை தெளிவாகவே இருந்தது. நமது பிக்குவால் வகை ஆலிவ் மரங்களின் எண்ணெய் கசக்கிறது, தொண்டையைப் பிடிக்கிறது, விழுங்கியவரை இரும வைக்கிறது. இதனால் தலைநகர வாடிக்கையாளர்களின் மனம் புண்படுகிறது. ஆகவே பிக்குவாலைப் பிடுங்கிவிட்டுச் சாதுவான அர்பெக்கினா வகையை நடுவது குறித்து 'விஞ்ஞான முறைப்படி' ருசி பார்த்து முடிவெடுக்கப்படும். ருசி பார்க்கும்போது இருமினால் அது தீர்மானத்துக்கு எதிர்ப்பாகப் பதிவு செய்யப்படும். அர்பெக்கினா நாற்றுப்பண்ணை தலைவருடைய மைத்துனருடையது என்பது தற்செயல்.

தீஸ்கார் என்ற பெண்ணுக்கு இருந்ததெல்லாம் மேட்டுச் சரிவில் முந்நூற்று நாற்பது பிக்குவால் மரங்கள். சங்கத்தில் ஓட்டு கிடையாது. கூட்டத்தில் கோப்பைகளைச் சூடாக்கி எண்ணெய் ஊற்றுவது அவள் வேலை.

"புதுக் கன்னு காய்க்க நாலு வருஷம் ஆகுமே, தலைவரே. அதுவரைக்கும் நான் எதைச் சாப்பிடறது?"

"பொறுமைம்மா, தீஸ்கார். இந்தக் காலத்துல எல்லாரும் அதைத்தான் சாப்பிடறாங்க."

தலைவரும் செயலாளர் உட்பட எட்டு உறுப்பினர்களும் அமர்ந்தார்கள். நிறத்தைப் பார்த்து மனம் மாறிவிடக் கூடாது என்பதற்காக எல்லாம் நீலக் கண்ணாடிக் கோப்பைகள். முதலில் அர்பெக்கினா வந்தது.

"பாதாம் வாசனை!"

"வாழைப்பழம்கூட இருக்கு!"

"தொண்டையில இறங்கினதே தெரியலையே."

"அதுக்குப் பேர்தான்யா பண்பாடு," என்றார் தலைவர். செயலாளர் ஒப்துலியோ 'நடத்தை: மிக நன்று' என்று எழுதிக்கொண்டார்.

இரண்டாவது, ஓஹிபிளாங்கா என்ற இன்னொரு வகை. நாக்கில் இனிப்பாக இறங்கிக் கடைசியில் லேசாகக் கசந்தது.

"இனிக்க இனிக்கப் பேசிட்டுப் போகும்போது குத்துதே. நம்ம பேங்க் மேனேஜர் மாதிரி."

'நடத்தை: கண்காணிப்பில்.'

மூன்றாவது கோப்பையில் தீஸ்கார் தாராளமாகவே ஊற்றினாள். பச்சைக் காயாகப் பறித்து முந்தாநாள் ஆட்டிய எண்ணெய். மூடியைத் திறந்ததும் தக்காளி இலையைக் கசக்கிய வாசனை அறையை நிறைத்தது. கோப்பையில் எண் மட்டுமே இருந்தது என்றாலும் அங்கிருந்த எல்லோருக்கும் அது எதுவென்று தெரியும். தினமும் காலையில் சுட்ட ரொட்டியில் அவர்கள் ஊற்றிக்கொள்வது அதைத்தான்.

விழுங்கினார்கள். பிக்குவாலின் காரம் உடனே தெரியாது. ஐந்து எண்ண வேண்டும்.

தீஸ்கார் மனதுக்குள் எண்ணினாள். ஐந்தில் ஒன்பது முகங்களும் சிவந்தன. ஒருவர் மேசையை இறுகப் பிடித்தார். ஒப்துலியோவின் கண்ணீர் பதிவேட்டில் சொட்டியது. ஆனாலும் அந்தக் கண்ணியவான்கள் வாயைத் திறக்கவில்லை. தலைவர், கன்னம் உப்ப, 'ஏகமனதாக நிறைவேறியது என்று எழுது' எனச் செயலாளரிடம் கையால் காட்டினார்.

தீஸ்காரின் முந்நூற்று நாற்பது மரங்களும் அந்தக் கையசைப்பில் சாயவிருந்தன.

"சைகை செல்லாதுங்க," என்றாள். "விதி பதினொண்ணு. தலைவர் தன் வாயால அறிவிக்கணும். நீங்க போட்ட விதிதான்."

தலைவர் தலையை ஆட்டிப் பார்த்தார். தீஸ்கார் அசையவில்லை.

"என்ன தலைவரே, ஊமையாயிட்டீங்களா? நிறைவேறிச்சா இல்லையா? வாயைத் திறந்து சொல்லுங்களேன்!"

தலைவர் வாயைத் திறந்தார். "ஏக..."

அவ்வளவுதான். அவர் இருமிய இருமலில் நீலக் கோப்பைகள் அதிர்ந்தன. அடக்கி வைத்திருந்த மற்றவர்களும் வரிசையாக வெடித்தார்கள். விதி என்றால் விதிதான் என்று வாழ்ந்த ஒப்துலியோ, தன் இருமலையும் சேர்த்து ஒன்பது எதிர்ப்புகளைப் பதிவு செய்தார். தீர்மானம் தோற்றது. தீஸ்கார் கோப்பைகளைக் கழுவப் போனாள்.

அன்றைய கூட்டக் குறிப்பு சங்கத்தில் இன்றும் பத்திரமாக இருக்கிறது. ஒப்துலியோவின் அழகான கையெழுத்தில் கடைசி வரிகள் இவை:

"இருபது ஆண்டுகளில் தலைவரை எதிர்த்து இச்சங்கத்தில் முதன்முறையாகக் குரல் எழுந்தது. குரல் கொடுத்தது எண்ணெய். உறுப்பினர்கள் வழக்கம்போல் கருத்து ஏதும் தெரிவிக்கவில்லை."