ஆயுதபூஜை அன்று உங்கள் புரோகிராம் அனுப்பிய நாற்பத்து மூன்று லாரிகள்

ஓசூர்,
23.10.2007, செவ்வாய்க்கிழமை.

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை ஆனந்த் அவர்களுக்கு, மாமனார் சௌந்தரராஜன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அத்தை பொற்கொடியும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். மனசுக்கு என்ன என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன். புனேயில் தாங்களும் ரஞ்சிதாவும் நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

வருகிற நவம்பர் எட்டாம் தேதி வியாழக்கிழமை தங்களுக்குத் தலை தீபாவளி. இரண்டு நாள் முன்னதாகவே ரஞ்சிதாவுடன் வந்திருந்து, எண்ணெய் தேய்த்துக் குளித்து, புது வேட்டி கட்டி, எங்களைச் சந்தோஷப்படுத்த வேண்டும். முறைப்படி நாங்கள் தட்டுடன் நேரில் வந்து அழைக்க வேண்டும். ஆனால் லீவு கேட்கும் நிலைமையில் நான் இல்லை. ஏன் இல்லை என்றால், மாப்பிள்ளை, தாங்கள் என் ஆபீஸ் கம்ப்யூட்டரில் போட்டுவிட்டுப் போன புரோகிராம். கோபமாக எழுதுவதாகத் தாங்கள் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கோபம்தான். ஆனாலும் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

போனில் சொல்லியிருக்கலாமே என்று தாங்கள் நினைக்கலாம். போன் போட்டால் ரஞ்சிதாதான் எடுக்கிறாள். 'மாப்பிள்ளை செஞ்ச வேலையால' என்று நான் வாயைத் திறந்ததுமே, "அப்பா, அவரப் பத்தி ஒண்ணும் சொல்லாதீங்க" என்று வைத்துவிடுகிறாள். இருபத்து நாலு வருஷம் வளர்த்தது நான், கல்யாணம் ஆகி ஐந்து மாசம்கூட ஆகவில்லை. இமெயில் அனுப்பலாம் என்றால் அந்தக் கம்ப்யூட்டர் பக்கம் போகவே கை கூசுகிறது. அதனால்தான் பேனா.

ஆடி அழைப்புக்குத் தாங்கள் வந்திருந்தபோது, கம்பெனியைப் பாருங்கள் என்று சிப்காட்டுக்கு நான்தான் பெருமையாக அழைத்துப்போனேன். பிரேக் பெடலுக்கு பிராக்கெட் அடிக்கும் பிரஸ், பெயிண்ட் பூத், எல்லாம் காட்டினேன். தாங்கள் எதையும் பார்க்கவில்லை. என் டிஸ்பாட்ச் மேஜைக்கு வந்ததும் அப்படியே நின்றுவிட்டீர்கள். நான் வழக்கம்போல, நம்மிடம் பிராக்கெட் வாங்கும் பெரிய கம்பெனியின் வெப்சைட்டைத் திறந்து, அன்றைக்கு லாரியில் என்ன போகிறது என்று பதினாலு கட்டத்தில் ஒற்றை விரலால் நிரப்பிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டாவது கட்டத்துக்கு வரும்போது அது நம்மை வெளியே தள்ளிவிடும், மறுபடி பாஸ்வேர்டிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். தாங்கள் ஒரு மணி நேரம் அதைப் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் என் நாற்காலியில் உட்கார்ந்து, மத்தியானச் சாப்பாட்டுக்குள் எதையோ எழுதி முடித்துவிட்டீர்கள். அதன் விளக்கத்தைக்கூட என்னிடம் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து ரஞ்சிதாவிடம் சொல்லி, அவள் எனக்குச் சொன்னாள்: வெப்சைட்டைத் திறக்கும் அந்த எக்ஸ்ப்ளோரரை இனி நான் தொட வேண்டாம், இந்தப் புரோகிராம் வெளியே நின்றுகொண்டே அதை ஓட்டும், கார் அவர்களுடையது, டிரைவர் நம்ம ஆள். முந்தின நாள் சாயங்காலம் எத்தனை பிராக்கெட் என்று மட்டும் ஒரு சின்ன பைலில் போட்டு வைத்தால் போதும். காலையில் கம்ப்யூட்டர் ஆனில் இருந்தால், சரியாக ஒன்பது மணிக்கு அது தானே ஜன்னலைத் திறக்கும், தானே பாஸ்வேர்டு போடும், பதினாலு கட்டத்தையும் தானே நிரப்பி அனுப்பிவிடும்.

உண்மையைச் சொல்கிறேன், முதல் வாரம் பயந்தேன், இரண்டாவது வாரம் ரசித்தேன், மூன்றாவது வாரம் பொய் சொல்ல ஆரம்பித்தேன். ஒன்பது மணிக்கு யாராவது அந்தப் பக்கம் வந்தால், பத்து விரலையும் கீபோர்டுக்கு ஓர் அங்குலம் மேலே வைத்துக்கொண்டு படபடவென்று ஆட்டுவேன். திரையில் கட்டங்கள் நிரம்பும். "சார், எப்ப சார் கத்துக்கிட்டீங்க" என்று கேட்பார்கள். எல்லாம் பழக்கம்தான் என்பேன். இரண்டு மாசம் ஒரு நாள்கூடத் தாமதம் இல்லை என்று கம்பெனியில் எனக்கு ஒரு சுவர்க் கடிகாரமும் சர்டிபிகேட்டும் கொடுத்தார்கள். ஜனவரியில் எனக்கு ஐம்பத்தெட்டு முடிகிறது, ரிடையர் ஆக வேண்டும். இன்னும் ஒரு வருஷம் எக்ஸ்டென்ஷன் கொடுக்கலாம் என்று மேனேஜர் கமலக்கண்ணன் பேப்பரைக்கூடத் தயார் பண்ணி மேஜைமேல் வைத்துவிட்டார். இந்த வயசிலும் கம்ப்யூட்டரில் இவ்வளவு வேகம் என்று அதில் எழுதியிருந்ததை நானே கண்ணால் பார்த்தேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்த வெப்சைட்டிலிருந்து ஒரு நிமிஷத்துக்குள் பதில் வராவிட்டால், தங்கள் புரோகிராம் ஒரு சின்னப் பெட்டியைத் திரை நடுவில் காட்டும். இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். 'மாமா, பதில் வரவில்லை. மறுபடி அனுப்பட்டுமா?' நான் என்டரைத் தட்டினால் அனுப்பும். தாங்கள் நேரில் என்னை இதுவரை ஒரு தடவைகூட மாமா என்று கூப்பிட்டதில்லை. 'இங்க பாருங்க', 'வந்து', இல்லையென்றால் ரஞ்சிதாவைப் பார்த்து 'அப்பாகிட்ட சொல்லு'. கூச்சம் என்று எனக்குத் தெரியும். நானும் என் மாமனாரிடம் ஆறு வருஷம் அப்படித்தான் இருந்தேன். ஆனால் அந்தப் பெட்டி வரும்போதெல்லாம் எனக்கு ஒரு மாதிரி சந்தோஷமாக இருக்கும். சில நாள் பதில் சீக்கிரம் வந்துவிட்டால் ஏமாற்றமாகக்கூட இருக்கும். சரி, அதை விடுங்கள்.

இப்போது சனிக்கிழமை ஆயுதபூஜைக்கு வருகிறேன். எங்கள் கம்பெனியில் பூஜை என்றால் இருபது வருஷமாக நான்தான் சட்டம். ஒன்பது மணிக்கு ராகுகாலம் ஆரம்பம் என்பதால் எட்டரைக்குள் எல்லாவற்றையும் முடிக்க வேண்டும், பொட்டு வைத்த பொருளை ஞாயிற்றுக்கிழமை மறுபூஜை ஆகிறவரை யாரும் தொடக் கூடாது என்று காலையிலேயே எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னேன். பிரஸ்ஸில் வேலை செய்கிற ஒரு பையன் தன் ஸ்பேனரைத் தெரியாமல் எடுத்துவிட்டான். அவனைப் பிடித்துக் கால் மணி நேரம் திட்டினேன். இதைத் தாங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் வருகிறது.

பியூன் கங்கப்பன் அஞ்செட்டிக்காரர், பக்திமான். திரை இருட்டாக இருந்தால் சரஸ்வதி எப்படி இருப்பாள் என்று கம்ப்யூட்டரை ஆன் பண்ணிவிட்டார். மானிட்டருக்குச் சாமந்தி மாலை, மௌசுக்குச் சந்தனம், சிபியூவுக்குத் திருநீற்றுப் பட்டை. ஊரிலிருந்து கொண்டுவந்த எலுமிச்சம்பழம் ஒன்று மிச்சம் இருந்தது, ஒரு சாத்துக்குடி அளவு. லாரிக்குச் சக்கரத்தடியில் வைத்தாயிற்று, இதுக்குச் சக்கரமே இல்லையே, எங்கே வைக்கட்டும் என்று கேட்டார். நான்தான் சொன்னேன், மாப்பிள்ளை. மறைத்து என்ன ஆகப்போகிறது. கீபோர்டு மேலே வை என்று நான்தான் சொன்னேன். அவர் பக்தியோடு வைத்தார். அது மெதுவாக உருண்டு, பெரிய பட்டனாகப் பார்த்து, என்டர்மேல் போய் உட்கார்ந்தது.

எட்டரைக்குக் கற்பூரம் காட்டி, எல்லோரும் பொரியும் சுண்டலும் சாப்பிட உட்கார்ந்தோம். ராகுகாலம் ஆரம்பித்த அதே நிமிஷத்தில் சாமந்தி மாலைக்குள்ளே எக்ஸ்ப்ளோரர் தானாகத் திறந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பழக்க தோஷத்தில் நானூறு பிராக்கெட் என்று பைலில் போட்டு வைத்திருந்தேன். யாரும் தொடாமல் பாஸ்வேர்டு விழுகிறது, பதினாலு கட்டமும் நிரம்புகிறது. "அய்யோ தேவரே, அம்மாவே எழுதறாங்க சார்" என்று கங்கப்பன் பாதி கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டபடி சுண்டலை வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நாலு பெண்கள் விழுந்து கும்பிட்டார்கள். ஒருவர் மறுபடி கற்பூரம் ஏற்றினார். லீவு நாள் என்பதாலோ என்னவோ அந்த வெப்சைட் பதிலே சொல்லவில்லை. ஒரு நிமிஷத்தில் பெட்டி வந்தது. 'மாமா, பதில் வரவில்லை. மறுபடி அனுப்பட்டுமா?' எலுமிச்சம்பழம் சரி என்றது. மறுபடி பதினாலு கட்டம். மறுபடி 'மாமா'. மறுபடி எலுமிச்சம்பழம் சரி என்றது.

நாலாவது தடவையில்தான் எனக்கு விஷயம் புரிந்தது. ஓடிப்போய்ப் பழத்தை எடுக்கக் கையை நீட்டினேன். கங்கப்பன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "பூஜையில வெச்சத நாளைக்கித்தான எடுக்கணும் சார். நீங்கதான சார் காலைல சொன்னீங்க." பின்னால் திரும்பினால் அந்த ஸ்பேனர் பையன் கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். நான் என்ன செய்வேன். பிளக்கைப் பிடுங்கலாம் என்றால் பிளக்குக்கும் பொட்டு, ஸ்விட்சுக்கும் பொட்டு. இருபது வருஷமாகப் போட்ட சட்டத்தை ஒரு பழத்துக்காக நானே மீற முடியுமா. ஒன்பதே காலுக்குக் கரண்ட் போனது. ஓசூரில் கரண்ட் போனதற்காக நான் கடவுளுக்கு நன்றி சொன்னது அன்றைக்குத்தான். ஆனால் யுபிஎஸ் இருக்கிறதே. கம்பெனியே இருட்டாகி, மாலைக்கு நடுவில் திரை மட்டும் ஜொலிக்க, பீப் பீப் என்று அழுதுகொண்டே அரை மணி நேரம் அனுப்பியது. மேனேஜர் கமலக்கண்ணன் நெற்றி நிறைய விபூதியோடு வந்து என் பக்கத்தில் நின்று முழுவதையும் பார்த்தார். யுபிஎஸ் உயிரை விட்டபோது எண்ணிக்கை நாற்பத்து மூன்று.

பதில்தான் வரவில்லையே தவிர, அனுப்பியதெல்லாம் அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. பத்தரை மணிக்கு அந்தப் பெரிய கம்பெனி கேட்டிலிருந்து செக்யூரிட்டி போன் பண்ணினார். நாற்பத்து மூன்று லாரி வருவதாகக் கம்ப்யூட்டர் சொல்கிறது, சரக்கு இறக்கும் இடம் பூராவும் உங்கள் பெயரில் நிரம்பிவிட்டது, வரிசையைச் சூளகிரி வரைக்கும் நிறுத்தினாலும் பத்தாதே என்று கன்னடமும் தமிழும் கலந்து புலம்பினார். மாப்பிள்ளை, நம்மிடம் இருப்பதே ஒரு லாரி. அதுவும் மாலை போட்டுக்கொண்டு நிழலில் நின்றிருந்தது.

திங்கட்கிழமை காலை அவர்கள் வெப்சைட்டில் நம் கம்பெனி பெயருக்கு எதிரே சிவப்புப் புள்ளி. நாற்பத்து மூன்று லாரி சொல்லி, ஒன்றுகூட வரவில்லை என்று. கமலக்கண்ணன் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். சத்தம் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. மெதுவாகக் கேட்டார். "சௌந்தரராஜன் சார், அந்த மாமா யாரு?"

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். விரலைக் காற்றில் ஆட்டியதையும் சொல்லிவிட்டேன். அவர் என் எக்ஸ்டென்ஷன் பேப்பரை எடுத்து டிராயருக்குள் போட்டு மூடினார். சுவர்க் கடிகாரத்தைத் திருப்பிக் கொடுக்கட்டுமா என்று கேட்டேன். வீட்டில் இருந்து நான் என்ன செய்யப்போகிறேன் என்பதைவிட, இருபத்து நாலு வருஷம் வேலை பார்த்த இடத்திலிருந்து பொய்க்காரன் என்ற பெயரோடு போகிறேனே என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. பொற்கொடியிடம் இன்னும் சொல்லவில்லை. அவள் தங்கள் வேட்டிக்குக் கரை மயில்கழுத்து நிறமா, மாம்பழ நிறமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

ஆகவே தாங்கள் தீபாவளிக்கு வரும்போது, முதல் காரியமாக அந்தப் புரோகிராமை வேரோடு பிடுங்கி எடுத்துவிட வேண்டுமாய்க் கேட்டுக்கொள்கிறேன். இருக்கிற இரண்டு மாசமும் என் ஒற்றை விரலால் நானே அடித்துக்கொள்கிறேன். இதில் தங்கள்மேல் எனக்கு மனஸ்தாபம் எதுவும் இல்லை. கொஞ்சம் இருந்தது, எழுதியதில் தீர்ந்துவிட்டது. சம்பந்தி வீட்டார் எல்லோருக்கும் எங்கள் வணக்கத்தைச் சொல்லவும். தாங்களும் ரஞ்சிதாவும் எல்லாச் செல்வமும் பெற்று, கரண்ட் போகாத ஊரில் நூறு வருஷம் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் மாமனார்,
சௌந்தரராஜன்.

பின்குறிப்பு (24.10.2007, புதன்கிழமை): கடிதத்தை நேற்றுத் தபாலில் போடவில்லை, ஸ்டாம்ப் தீர்ந்துவிட்டது. நல்லதாகப் போயிற்று. மேலே எழுதியதில் அழைப்பைத் தவிர மற்ற எதையும் தாங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம். காலையில் கமலக்கண்ணன் என் மேஜைக்கு வந்து உட்கார்ந்து, ஒன்பது மணிக்குப் புரோகிராம் ஓடுவதை முழுவதும் பார்த்தார். நாற்பத்து மூன்று தடவையிலும் ஒரு கட்டத்தில்கூடத் தப்பு இல்லை, அந்தப் பெரிய கம்பெனிக்காரர்களே கேட்டு ஆச்சரியப்பட்டார்கள், நாற்பத்து மூன்றையும் அழித்துச் சிவப்புப் புள்ளியையும் எடுத்துவிட்டார்கள் என்றார். அப்புறம் டிராயரிலிருந்து பேப்பரை எடுத்து வந்து என் கண்ணெதிரே கையெழுத்துப் போட்டார். "எக்ஸ்டென்ஷன் உங்களுக்கு இல்ல சார், புரோகிராமுக்கு. அது மாமான்னுதான கூப்புடுது, வேற யாரையாச்சும் உக்கார வெச்சா அதுக்குக் கோவம் வந்துரும்." இதைச் சொல்லும்போது அவர் சிரித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை, நான் குனிந்துகொண்டேன்.

ஆகவே தாங்கள் அதைப் பிடுங்க வேண்டாம். எலுமிச்சம்பழம் சரி என்றால் அது கேட்காதபடி மட்டும் ஏதாவது செய்துவிடுங்கள். பர்ச்சேஸ் மேஜைக்கும் அதேபோல ஒன்று வேண்டுமாம், அதில் மாமா என்று போட வேண்டாம். அது எனக்கு மட்டும் இருக்கட்டும். வேட்டி மயில்கழுத்துக் கரைதான் எடுத்திருக்கிறது. ஆறாம் தேதி காலை பஸ் ஸ்டாண்டில் வந்து நிற்பேன். அங்கே பெட்டி எதுவும் வராது, மாப்பிள்ளை. இறங்கினதும் தாங்களேதான் வாயால் கூப்பிட வேண்டும். பதில் வர ஒரு நிமிஷம்கூட ஆகாது.